நாலு மூட்டை மணல்

"வண்டிய எடுத்தேன்னா என் மேல ஏத்திட்டுத்தான் போகணும்" என்று சொல்லிவிட்டு அக்கா கேட்டை அடைத்துக்கொண்டு நின்றாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த நார் அவள் கையில் அப்படியே இருந்தது. நுரை மணிக்கட்டைத் தாண்டி முழங்கைக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

அவன் எஞ்சினை அணைக்கவில்லை. அணைத்தால் அக்கா ஜெயித்ததாகிவிடும். வண்டி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டு நின்றது. பத்து நாளுக்கு முன்புவரை படியில் கால் வைத்து ஏற வேண்டியிருந்த பிக்கப் வண்டி அது. இப்போது தரையோடு தாழ்ந்து கிடந்தது. சக்கரங்கள் மட்கார்டுக்குள் பாதி புதைந்து, பாகன் ஏறுவதற்காக யானை மண்டியிட்டு அப்படியே எழ மறந்ததுபோல இருந்தது.

முன்னறை ஜன்னலில் டங், டங், டங் என்று ஸ்பூன் கம்பியில் விடாமல் அடிக்கும் சத்தம் கேட்டது.

"பாரு. உன் மச்சான் ஹார்ன் அடிக்கிறார்" என்றாள் அக்கா.

ஜன்னலை ஒட்டித்தான் மச்சானின் கட்டில். ஆஸ்பத்திரியில் இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்ட நாளிலிருந்து அந்தக் கட்டில், அந்த ஜன்னல், அந்த ஸ்பூன். குரல் எழும்பாதபோது அதுதான் அவருடைய வாய். ஒரு தட்டு தட்டினால் தண்ணீர். இரண்டு தட்டினால் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். மூன்று தட்டினால் ஒன்றுமில்லை, வம்பு. அக்கா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து "என்ன வேணும்?" என்பாள். "சும்மா. நீ ஓடி வர்ற அழகப் பாக்கத்தான்" என்பார் அவர். முதலில் சிரித்தாள். பிறகு திட்டினாள். இப்போதெல்லாம் சமையலறையிலிருந்தே "மூணு தட்டுக்கெல்லாம் வர மாட்டேன், சொல்லிட்டேன்" என்று கத்துவாள். அவர் சிரித்துச் சிரித்து அது இருமலில் போய் முடியும். அந்த இருமலைக் கேட்டுத்தான் அவர் நன்றாக இருக்கிறார் என்று வீடு தெரிந்துகொள்ளும்.

அக்கா வண்டியின் ஜன்னலருகே வந்து குனிந்தாள். இறக்கிய வண்டி என்பதால் நிறையவே குனிய வேண்டியிருந்தது.

"கால் ரெண்டும் ஜில்லுனு இருக்குடா" என்றாள் மெதுவாக. "விடிஞ்சதுல இருந்து தேய்ச்சுக்கிட்டே இருக்கேன். சூடே ஏற மாட்டேங்குது. இன்னைக்கு வேணாம். நாளைக்குப் போ."

"நானும் தொட்டுப் பாத்தேன்க்கா."

"அப்புறம்?"

"அதனாலதான் இன்னைக்கே போறேன்."

அக்கா அவனையே பார்த்தாள். பிறகு நாரைச் சுவர் மேல் வைத்துவிட்டு, ஈரக் கையாலேயே கேட்டைத் திறந்தாள்.

ஜன்னலில் ஸ்பூன் நின்றது.

*

வண்டியை இறக்கியது மச்சானின் யோசனை. அவர் ஒரு மரக்கடைக்காகக் கதவும் ஜன்னலும் ஏற்றிச் செல்பவர். ஏற்றுவது, ஓட்டுவது, இறக்குவது எல்லாம் அவரேதான். நோய் முதுகெலும்புக்கு வந்த பிறகும் கொஞ்ச நாள் ஓட்டினார். ஒருநாள் காலையில் படியில் கால் வைத்து, கைப்பிடியைப் பிடித்து, உடம்பை இழுக்கப் பார்த்தார். உடம்பு வரவில்லை. அப்படியே ஒரு காலில் தொங்கிக்கொண்டு நின்றார். அவன் ஓடிப்போய் இடுப்பைப் பிடித்துத் தூக்கப் போனபோது, "விடு மாப்ளே" என்றார். அதில் விளையாட்டு இல்லை.

"வீட்டுக்குள்ள எப்படி வேணா தூக்கிக்கோ. தெருவுல வேணாம். இந்தத் தெரு முழுக்க நான் தூக்கிட்டு வந்து இறக்கின கதவுங்க இருக்கு. அதுங்க பாக்கும்."

அன்று மத்தியானம் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "என்னால மேல ஏற முடியலன்னா அது கீழ இறங்கி வரட்டும்."

அவனுக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவன் தையல்காரன். ஓட்டத் தெரியும், அதுவும் மச்சான் சொல்லிக்கொடுத்தது, அவ்வளவுதான். ஒரு ஒர்க்ஷாப்பில் கொண்டுபோய் விட்டான். பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளில் இரண்டைக் கழற்றிவிட்டு, முன்பக்க ஸ்பிரிங்குகளை மாற்றி, ஒரு சாண் அளவுக்கு இறக்கிக் கொடுத்தார்கள். வண்டி தெருவுக்குள் வந்தபோது வாலிபப் பையன்கள் கூடிவிட்டார்கள். "அங்கிள் மைனராயிட்டாருடா!" என்று ஒருவன் விசிலடித்தான். மச்சான் மைத்துனனின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்து, கதவைத் திறந்து, நாற்காலியில் உட்காருவதுபோல வண்டியில் உட்கார்ந்தார். தானாக. ஸ்டீயரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, எங்கும் போகாமல், வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அக்கா வெளியே வந்தாள். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தாள். விரல்கள் மட்டும் போயின. உள்ளங்கை போகவில்லை.

"இனிமே பாரம் ஏத்த முடியாதுல்ல?" என்று கேட்டாள்.

"முடியாது" என்றார் மச்சான்.

அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. இரண்டு நாள் அவருடன் பேசவும் இல்லை. மருந்தைக் கொடுத்தாள், உடம்பைத் துடைத்தாள், பேசவில்லை. அந்த வண்டியில் அதன் பிறகு ஏறவும் இல்லை.

இறக்கியவர்கள் ஒன்று சொல்லியிருந்தார்கள். புது ஸ்பிரிங் அமர்ந்து படிவதற்குப் பத்து நாளாவது ஆகும். அதற்குப் பிறகுதான் சக்கரங்களை நேராக்கும் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். முன்பே பார்த்தால் வீண். அதுவரை ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும், தூரமாக ஓட்ட வேண்டாம்.

"பாத்தியா மாப்ளே" என்றார் மச்சான். "ஸ்பிரிங்குக்கே பத்து நாள் டைம் குடுத்திருக்கான். டாக்டர் எனக்கு அதுகூடக் குடுக்கலையே."

அந்தப் பத்து நாளில் ஸ்பிரிங் அமர்ந்தது. அவர் படுத்துவிட்டார். கட்டிலில் நேராகப் படுக்கவைத்தாலும் சிறிது நேரத்தில் இடது பக்கமாகச் சரிந்துவிடுவார். அக்கா அவரை நிமிர்த்திவிட்டு, ஒரு துண்டை நாலாக மடித்து இடது விலாவுக்கு அண்டக் கொடுப்பாள். ஆனாலும் அவர் நாளை எண்ணிக்கொண்டுதான் இருந்தார். ரயில் பாதையை ஒட்டிக் கிடங்குவரை போகும் நேர் ரோட்டில் ஒரே ஒரு தடவை. அவரே ஓட்ட வேண்டும்.

"பிரேக் மிதிக்க கால் வேணாமா?" என்றாள் அக்கா.

"பக்கத்துல உன் தம்பி உக்காந்து ஹேண்ட் பிரேக்கப் பிடிப்பான். உன்கூட ஒரு பெட்டியும் இவனும் வந்தாங்க இந்த வீட்டுக்கு. பெட்டி பூட்டு உடைஞ்சு போச்சு. இவன் இன்னும் சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கான். இந்த ஒரு வேலையாவது செய்யட்டுமே."

இன்று காலையில் விரிப்பு மாற்றுவதற்காக அவன் மச்சானைத் தூக்கி நின்றான். ஒரு கை முழங்காலுக்கு அடியில், ஒரு கை முதுகுக்கு அடியில். அக்கா பழைய விரிப்பை உருவிக்கொண்டிருந்தாள்.

"பொண்ணத் தூக்குற மாதிரி தூக்கிட்டு நிக்கிற" என்றார் அவன் கழுத்தோரம். "வெக்கமா இருக்கு மாப்ளே."

"எனக்கும்தான் மச்சான்."

"அலைன்மென்ட் பண்ணும்போது பக்கத்துலயே நில்லு. டீக்கடைக்குப் போயிடாத. கம்ப்யூட்டர்ல பச்சை வந்துருச்சும்பான், நம்பாத. கைய விட்டு ஓட்டிப் பாரு."

"கைய விட்டா?"

"கைய விட்டுத்தான். ஸ்டீயரிங்கோட சண்ட போட என் கைக்குத் தெம்பு இல்ல. அது தானாப் போகணும். நான் சும்மா தொட்டுக்கிட்டு இருக்கணும், அவ்வளவுதான். நேராப் போச்சுன்னா சாயங்காலம் போறோம்."

"சரி மச்சான்."

"உங்கக்கா கால் ஜில்லுனு இருக்குன்னு சொல்லுவா. காதுல வாங்காத."

*

வழியெல்லாம் ஸ்டீயரிங் இடது பக்கம் இழுத்தது. பொம்மைக் கடை இருக்கும் பக்கமாகக் கையைப் பிடித்து இழுக்கிற பிள்ளைபோல, கொஞ்சம் தளர்த்தினால் போதும், ஓரத்துக்குப் போனது. வேகத்தடைகளில் அடிப்பாகம் உரசிவிடாமல் இருக்க, வாலிபப் பையன்கள் செய்வதுபோலக் குறுக்காக ஏற்றி இறக்கினான். தோள்பட்டை வலித்தது. இதை மச்சானின் கைகள் எப்படிப் பிடித்திருக்கும் என்று நினைத்தான். சட்டைக் கைகளை நான்கு தடவை பிடித்துத் தைத்தும் உள்ளே ஆடிக்கொண்டிருக்கும் கைகள்.

அலைன்மென்ட் கடை ஒரு நீளமான தகரக் கொட்டகை. நடுவில் வண்டி ஏறி நிற்கும் மேடை. சுவரோரம் அடுக்கியிருந்த பழைய டயர்களுக்கு மேலே ஒரு பூனை தூங்கிக்கொண்டிருந்தது. அலைன்மென்ட்காரருக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்தார்.

"யாரு இந்தப் பாவத்தப் பண்ணினது?"

"ஒரு கடையில..."

"நடக்கத் தெரியாதவன் காலு மாதிரி ரெண்டு சக்கரமும் உள்பக்கமாச் சாஞ்சு கிடக்கு, பாருங்க. இப்படியே ஓட்டினா டயரோட உள்பக்கத்த எலி கடிச்ச மாதிரி தின்னுடும். உங்க வண்டியா?"

"மச்சானோடது."

"மைனரு போல."

"ஆமா" என்றான்.

"வயசு?"

"அம்பத்தாறு."

அவர் தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்தார். "நமக்கெல்லாம் குடுத்து வைக்கல."

வண்டியை மேடையில் ஏற்றினார். நான்கு சக்கரங்களிலும் கவ்விகளை மாட்டி, கையகலத் தகடுகளைப் பொருத்தினார். சுவரில் இருந்த திரையில் வண்டியின் படம் வந்தது. சக்கரத்துக்குச் சக்கரம் எண்கள். எல்லாம் சிவப்பு. முன்பக்க பானட்டை இரண்டு கையாலும் அழுத்தி அழுத்தி விட்டார். வண்டி மூச்சுவிடுவதுபோல அசைந்து நின்றது.

"மச்சான் என்ன எடை இருப்பாரு?"

"எதுக்குங்க?"

"சாதா வண்டின்னா கேக்க மாட்டேன். இவ்வளவு இறக்கின வண்டியில ஒரு ஆள் ஏறி உக்காந்தாலே கணக்கு மாறிடும். வெறும் வண்டிக்கு நிமித்திக் குடுத்தேன்னு வைங்க, அவரு உக்காந்ததும் மறுபடி கோணிக்கும். அப்புறம் என்னத்தான் திட்டுவாரு. அதனால ஓட்டுறவர் எடைக்கு மணல் மூட்டை வெச்சுட்டுத்தான் நட்டத் தொடுவேன்."

"எடை தெரியாது. இடுப்பு தெரியும்."

"என்னது?"

"தையல்காரன் நான். முப்பத்தெட்டு இருந்தார். இப்ப இருபத்தாறு."

சிரிக்கத் தொடங்கிய அலைன்மென்ட்காரரின் வாய் பாதியில் நின்றது. அவர் திரும்பிப் போய், மூலையிலிருந்து மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து போட்டார். கோணியை வெட்டிச் சின்னச் சின்னதாகத் தைத்த மூட்டைகள். வாயைச் சணலால் தைத்திருந்தது, தையல் ஒரே கோணல்.

"ஒண்ணொண்ணும் பத்துக் கிலோ. சாதாரணமா ஏழு வைப்பேன். உடம்பான ஆளுன்னா எட்டு. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

அவன் குனிந்து ஒரு மூட்டையைத் தூக்கினான். கீழே வைத்தான். இரண்டை ஒன்றாகத் தூக்கினான். பிறகு என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே இடது கையை நீட்டி, வலது கையை மடித்து, காலையில் நின்றதுபோல நின்றான்.

"இதுக்கு மேல ஒண்ணு வைங்க" என்றான்.

அலைன்மென்ட்காரர் மூன்றாவதை வைத்தார். அவன் கொஞ்சம் ஏற்றிப் பிடித்துப் பார்த்தான். இல்லை. "இன்னொண்ணு."

நான்காவது வந்ததும் பாரம் மார்பின் மேல் சாய்ந்தது. அவன் அசையாமல் நின்றான். கோணிப்பையிலிருந்து மண் வாசனை வந்தது. காலையில் மருந்து வாசனையும், கழுத்தோரம் ஒரு சூடான மூச்சும் இருந்தன. அவற்றைக் கழித்துவிட்டால் இவ்வளவுதான்.

"இன்னும் ஒண்ணு வைக்கட்டுமா?"

"போதும்."

"நாலா? ஓட்டுறது பெரிய ஆளுதானே?"

"பெரிய ஆளுதான்" என்றான்.

அலைன்மென்ட்காரர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு அவன் கையிலிருந்து மூட்டைகளை ஒவ்வொன்றாக வாங்கிப் போய் ஓட்டுநர் இருக்கையில் வைத்தார். இரண்டு கீழே. இரண்டு முதுகுக்குச் சாய்த்து. நழுவாமல் இருக்க இருக்கை பெல்ட்டை இழுத்து மாட்டினார்.

"கையில தெம்பு இருக்கா அவருக்கு?"

"இல்ல."

"அப்ப ஒரு நூல்கூட இழுக்கக் கூடாது." மேடைக்கடியில் இறங்கி, ஸ்பானரைக் கையில் எடுத்துக்கொண்டார். "நேரமாகும். டீ குடிச்சுட்டு வர்றதுன்னா வாங்க."

"இல்லங்க. இங்கேயே நிக்கிறேன்."

*

அக்காவின் போன் வந்தபோது திரையில் இரண்டு எண்கள் பச்சைக்கு மாறியிருந்தன. அவன் கொட்டகையின் வாசலுக்கு வந்தான்.

"வேலை முடிஞ்சுதா?" என்றாள் அக்கா.

"இன்னும் இல்லக்கா. இப்பத்தான் நட்டத் தளர்த்தி... மச்சான் கேக்கிறாரா?"

"இல்ல. அவர் கேக்கல."

அவளுக்குப் பின்னால் எதிர்வீட்டு டீச்சரின் குரல் கேட்டது. ஜன்னல் திறந்தே இருக்கட்டும் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்த டீச்சர் இந்த நேரத்தில் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டியவர்.

"அக்கா."

"போயிட்டார்டா."

கொட்டகைக்கு எதிரே ஒருவர் சைக்கிளில் காற்றடித்துக்கொண்டிருந்தார். அவன் அவர் காற்றடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் வரேன்" என்றான். "வண்டி பாதியில நிக்குது. இங்கேயே விட்டுட்டு, வேற எதையாவது பிடிச்சு வந்துடறேன்."

"வேணாம்."

"அக்கா..."

"முடிச்சு எடுத்துட்டு வா. நான் இருக்கேன். டீச்சர் இருக்காங்க. அவர் இனிமே எங்கயும் போகப் போறதில்ல." அவள் குரல் பாத்திரம் கழுவும்போது பேசுவதுபோலவே இருந்தது. "பாதியில விடாத. முடிச்சு எடுத்துட்டு வா."

அவன் உள்ளே வந்து பழைய இடத்தில் நின்றான்.

"வீட்டுல இருந்தா?" என்றது மேடைக்கடியிலிருந்து குரல்.

"ஆமா."

"அவசரப்படுத்துறாங்களா?"

"இல்ல. முடிச்சு எடுத்துட்டு வரச் சொன்னாங்க."

சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. சொன்னால் அந்த மனிதர் கையிலிருக்கும் ஸ்பானரை வைத்துவிட்டு வெளியே வருவார், இருக்கையில் இருக்கும் மூட்டைகளைப் பார்ப்பார், எடுக்கட்டுமா என்று கேட்பார். ஆகவே பக்கத்திலேயே நின்றான். டீக்கடைக்குப் போகவில்லை.

மூன்றாவது எண் பச்சையானது. பிறகு நான்காவது. "ஆச்சுங்களா?" என்றான்.

"கம்ப்யூட்டருக்கு ஆச்சு. எனக்கு ஆகல." அலைன்மென்ட்காரர் மேலே ஏறி வந்து, ஸ்டீயரிங்கை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். "இந்தப் பக்கம் ஒரு நூல் மிச்சம் இருக்கு. உங்களுக்கும் எனக்கும் தெரியாது. கையில தெம்பில்லாதவருக்கு அது மலை. எந்தக் கை ரொம்ப மோசம் அவருக்கு?"

"இடது கை."

"அதான் பாத்தேன்." மறுபடியும் கீழே இறங்கினார். ஒரு நட்டைக் கால் சுற்றுத் திருப்பினார். வந்து பார்த்தார். திரும்பிப் போய்ப் பாதியைக் குறைத்தார். வந்து, மூட்டைகளின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி ஸ்டீயரிங்கைத் தொட்டார். பூனை எழுந்து, சோம்பல் முறித்து, டயரின் மறுபக்கத்தில் போய்ப் படுத்தது. வெயில் கொட்டகையின் வாசலிலிருந்து மேடையின் கால்வரைக்கும் நகர்ந்து வந்திருந்தது. இதுவரை இவ்வளவு அக்கறையாக யாரும் மச்சானுக்கு எதையும் அளவெடுத்ததில்லை என்று அவனுக்குத் தோன்றியது. தான்கூட இல்லை.

கடைசியில் அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "கொண்டுபோய்க் குடுங்க. ராஜா மாதிரி ஓட்டுவாரு."

மூட்டைகளை இறக்க அவர் கதவைத் திறந்தபோது, "நான் எடுத்துக்கிறேன்" என்றான். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பக்கத்து இருக்கையில், முன்பு இருந்த மாதிரியே, இரண்டு கீழே, இரண்டு சாய்த்து வைத்து, பெல்ட்டை மாட்டினான். "நாளைக்கோ மறுநாளோ கொண்டுவந்து தரேன்."

அலைன்மென்ட்காரர் ஏன் என்று கேட்கவில்லை. "மச்சானக் கேட்டதாச் சொல்லுங்க" என்றார்.

"சொல்றேன்."

*

வீட்டுக்கு நேர்வழி கடைத்தெரு வழியாக. அவன் ரயில் பாதைப் பக்கம் திருப்பினான்.

சாலையில் ஒருவரும் இல்லை. ஒரு பக்கம் தண்டவாளம், மறுபக்கம் கிடங்குகளின் நீண்ட சுவர். வண்டி சீரான வேகத்துக்கு வந்ததும் அவன் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தான். முதலில் விரல்களை. பிறகு உள்ளங்கைகளை. சட்டைக்கு அளவெடுக்கும்போது ஆட்கள் கைகளை உடம்பிலிருந்து சற்று விலக்கி, என்ன செய்வதென்று தெரியாமல் வைத்துக்கொண்டிருப்பார்களே, அப்படி வைத்துக்கொண்டான்.

வண்டி நேராகப் போனது.

இடது பக்கமும் போகவில்லை, வலது பக்கமும் போகவில்லை. பாதை தெரிந்த ஒருவர் ஓட்டுவதுபோல, வெள்ளைக் கோட்டை ஒட்டி, அவசரமில்லாமல் போனது. பக்கத்து இருக்கையில் மூட்டைகள் லேசாகக் குலுங்கின. கிடங்கின் கடைசிச் சுவர் வந்துவிட்டது. அவன் கையை வைத்தான்.

வீட்டு கேட் திறந்து கிடந்தது. வாசலில் வழக்கத்தைவிட அதிகம் செருப்புகள். அவன் வண்டியைச் சுவரோரம் நிறுத்திவிட்டு உள்ளே போனான். மச்சானை நேராகப் படுக்கவைத்திருந்தார்கள். காலையில் அவன் போட்டுவிட்ட சட்டைதான். கழுத்துப்பட்டையின் ஒரு பக்கம் உள்ளே மடிந்திருந்தது. அதை வெளியே எடுத்து விட்டான். இடது விலாவுக்கு அண்டக் கொடுக்கும் துண்டை யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். அவர் சரியவில்லை. ஸ்பூன் ஜன்னல் விளிம்பில் இருந்தது.

டீச்சர் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "வண்டிய மட்டும் கொஞ்சம் பின்னாடி தள்ளிப் போட்டுடுப்பா. ஆளுங்க வருவாங்க, வழி வேணும்."

அவன் வெளியே வந்தபோது அக்கா முன்பே வண்டியருகில் நின்றிருந்தாள். தோளில் அந்தத் துண்டு. மடிப்புக் கலையாமல் இருந்தது.

"கைய விட்டு ஓட்டிப் பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்படிப் போச்சு?"

"நேராப் போச்சுக்கா."

அவள் தலையாட்டினாள். வண்டியின் கூரைமேல் கையை வைத்தாள். இப்போது அது அவளுடைய தோளுக்குச் சமமாக இருந்தது.

"மூணு தட்டு தட்டினார்டா" என்றாள்.

அவன் முன்னறை ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"நீ போய்க் கொஞ்ச நேரம்தான் இருக்கும். சட்டி தேய்ச்சுக்கிட்டு இருந்தேன். மூணு. எண்ணினேன். வண்டிக் கோபம் வேற இருந்துச்சா... மூணு தட்டுக்கெல்லாம் வர மாட்டேன்னு உள்ள இருந்தே கத்தினேன். சிரிப்பாரு, இருமுவாருன்னு பாத்தேன். சத்தமே இல்ல. சரி, கோவிச்சுக்கிட்டாருன்னு நினைச்சேன்." அவள் கூரையிலிருந்து கையை எடுத்தாள். உள்ளங்கையில் தூசி ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தாள். "மிச்சப் பாத்திரத்தையும் தேய்ச்சு வெச்சுட்டுத்தான்டா போனேன்."

தெருவில் ஒரு வண்டி வந்து நின்றது. யாரோ இறங்கி, எந்த வீடு என்று கேட்கும் சத்தம் கேட்டது.

"வண்டிய எடு" என்றாள் அக்கா. முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. துடைக்க எதுவும் இல்லை. அவன் ஓட்டும் பக்கம் ஏறி உட்கார்ந்தான். அவள் சுற்றி வந்து இடது கதவைத் திறந்தாள்.

"இது என்னடா?"

"மணல். எடைக்கு வெச்சது. திருப்பிக் குடுக்கணும்."

கதவு திறந்ததும், மேலே சாய்த்து வைத்திருந்த மூட்டைகளில் ஒன்று பெல்ட்டுக்கடியிலிருந்து மெல்ல நழுவி இடது பக்கமாகச் சரிந்தது. அக்கா இரண்டு கையாலும் சட்டென்று அதைப் பிடித்துக்கொண்டாள். முழங்காலை இருக்கையின் விளிம்பில் ஊன்றி, மூட்டையை மேலே தள்ளி, முதுகுப் பக்கம் சாய்த்து நிமிர்த்தினாள். ஒரு கையால் அதைப் பிடித்தபடியே தோளிலிருந்த துண்டை எடுத்து, மூட்டைக்கும் கதவுக்கும் நடுவே இடது பக்கமாக அண்டக் கொடுத்தாள். பெல்ட்டை இழுத்து இறுக்கினாள்.

கையை எடுத்துவிட்டு, நிற்கிறதா என்று சற்று நேரம் பார்த்தாள். நின்றது.

"மெதுவா எடு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.